மூன்றாவது டிரைவ்

டேட்டா சென்டர் என்ற பெயரே எங்கள் காலத்தில் கிடையாது. கம்ப்யூட்டர் ரூம் என்போம். மதுரையில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால், "கப்பலூர் எஸ்டேட், அந்த ஏசி கம்பெனி" என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. திருமங்கலம் ரோட்டில், சிறு தொழிற்சாலைகளுக்கு நடுவில், பழைய பட்டறை ஒன்றை மாற்றிக் கட்டி எங்கள் கூடத்தை அமைத்திருந்தார்கள். மில்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவோம், கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு ஓட்டுவோம். வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை ரிசல்ட் வேலை வரும். அதுதான் பெரிய வேலை.

போன வாரம் உங்கள் கூடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பழைய அனுபவம் ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். மின்சாரம், குளிர், சுத்தம், நகல், யார் உள்ளே போகலாம் யார் போகக்கூடாது. ஒரு கூடத்தை நிர்வகிக்கத் தேவையான அடிப்படைகள் இவைதான். இவற்றை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வகுப்பில் சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தச் சம்பவம். ஒன்றை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் அப்போது பகல் ஷிப்டின் சூப்பர்வைசர். கார்டு பஞ்ச் செய்யும், அதாவது தகவலை அட்டையில் துளைகளாகப் பதிக்கும், பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்து, ஆபரேட்டராகி, சூப்பர்வைசராக வந்திருந்தேன். எனக்குக் கீழே செல்வம் என்று ஓர் ஆபரேட்டர். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். நல்ல வேலைக்காரர், வேகமான கை. எங்கள் இருவரின் ஊரும் மதுரைக்கு மேற்கே ஒரே பக்கம்தான். என் வீட்டில் நிலம் இருந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் முதலில் காலேஜ் போனவர் செல்வம். முதலில் மாதச் சம்பளம் வாங்கியவரும் அவர்தான். இதை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் அவரை எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'அக்கா' என்பார்.

எங்களுக்கு மேலே மேனேஜர். சென்னையிலிருந்து வந்தவர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. அவருடைய பெயர் இங்கே வேண்டாம்.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். எல்லாத் தகவலும் டிஸ்க் பேக்கில் இருக்கும். கல்யாண வீட்டில் அண்டாவை மூடும் தட்டுகளைச் சின்னதாக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும் அது. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியோடு தூக்கிக்கொண்டு போய், டிரைவ் என்கிற பெட்டிக்குள் இறக்கி, மூடியை மட்டும் கழற்றி எடுத்துவிடுவோம். தட்டுகள் வேகமாகச் சுற்றும். அவற்றின் மேல், தொடாமல், தலைமுடி கூட நுழைய முடியாத இடைவெளியில், ஹெட் என்று ஒரு சின்ன உறுப்பு மிதந்தபடி தகவலைப் படிக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி மாட்டினால் ஹெட் தட்டில் உரசிவிடும். உரசினால் தட்டும் போச்சு, ஹெட்டும் போச்சு. எங்களிடம் மூன்று டிரைவ்கள் இருந்தன.

அது ஆனி மாதம். மேல்காற்று ஊதி அடித்துக்கொண்டிருந்தது. ரிசல்ட் வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மத்தியானம் வோல்டேஜ் இறங்கி ஏறி, ஏசியின் கம்ப்ரஸர் புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், நாளைக்குத்தான் என்றார். கூடம் சூடேறிக்கொண்டே போனது. மேனேஜர் வந்து மெஷின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"பின்னாடி ஜன்னலைத் தொறந்து விடுங்க. டேபிள் ஃபேன் ரெண்டு கொண்டு வாங்க."

பின்னால் மாட்டுத்தீவன மில். தவிட்டுத் தூசி எந்நேரமும் பறக்கும். அதற்காகவே அந்த ஜன்னல்களை ரப்பர் வைத்து அடைத்திருந்தோம்.

"தூசி வரும் சார். நிறுத்தி வச்சுட்டு நாளைக்கு ஓட்டலாம்" என்றேன்.

"இன்னைக்கு நிறுத்தினா ரிசல்ட் யாரும்மா குடுப்பா? தேதி சொல்லியாச்சு. சூட்டுல மெஷின் படுத்துட்டா அதுக்கும் நாமதானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜன்னல் திறந்தது. அன்று முழுக்க இயந்திரம் நன்றாகவே ஓடியது. மறுநாள் ஏசி சரியானது. ஜன்னலை அடைத்தோம், தரையைத் துடைத்தோம், ஆபத்து கடந்துவிட்டது என்று நினைத்தோம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதற்கு மறுநாள் காலை, கடைசிக் கட்ட மார்க் தாள்களை எடுத்துக்கொண்டு பரீட்சை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்திறங்கினார். சாயங்காலத்துக்குள் மொத்தப் பட்டியலையும் அச்சடித்து வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று முன் அறையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசல் கேட் அருகில் நின்று தாள் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பஞ்ச் அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். செல்வம் மட்டும் கூடத்துக்குள் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் வேகமாக வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நகல் பேக் வேணும். பீரோச் சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒண்ணாவது டிரைவ்ல எர்ரர் வந்துச்சு. ரெண்டாவதுல மாத்திப் போட்டுப் பாத்தேன். அதுலயும் அதேதான். பேக்கு கெட்டுப்போச்சு போலக்கா. நகலப் போட்டா ஓடிரும்."

நகல் பேக் என்பது முந்தின சனிக்கிழமை எடுத்த பிரதி. அதுவரை ஏற்றிய மார்க் எல்லாம் அதில் இருந்தது. மேனேஜர் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், இரும்பு பீரோவில், பூட்டி வைத்திருப்போம். சாவி ஷிப்ட் சூப்பர்வைசரிடம் மட்டும்தான். என் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. ஆனால் கொடுக்கவில்லை. காரணம் எதுவும் அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. "மொதல்ல வாங்க, பாப்போம்" என்று அவரோடு உள்ளே போனேன்.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை. சூடேறிய பெயிண்ட் வாடை மாதிரி. மூன்று டிரைவும் நின்றிருந்தன. கெட்டுப்போன பேக் மேஜைமேல் இருந்தது. அதன் மூடி மூன்றாவது டிரைவின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் அந்தப் பதற்றத்தில் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

"யாரும் எதையும் தொடக்கூடாது. கார்டு ரீடரையும் நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜரிடம் ஓடி, செல்வம் சொன்னதைச் சொன்னேன்.

மேனேஜர் வந்தார். பேக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேல்தட்டில் வட்டமாக ஒரு கோடு, கரும்பலகையில் ஆணியால் கீறியது போலத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய நிதானம் போய்விட்டது.

"ஒண்ணுல கெட்டதை எதுக்குய்யா இன்னொண்ணுல போட்ட? அறிவிருக்கா? ரெண்டு டிரைவைக் கெடுத்து வச்சிருக்க! இதையெல்லாம் உன் கையில குடுத்தது என் தப்பு. வெளிய போ! என் கண்ணு முன்னாடி நிக்காத!"

செல்வம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "போன்னு சொன்னேன்ல!" அவர் போய்விட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்து போனது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் தடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் எல்லோருடைய கவனமும் பேக்கில்தான் இருந்தது.

சென்னையில் இருந்த சர்வீஸ் இன்ஜினியருக்கு லைட்னிங் கால் போட்டோம். சாதாரண டிரங்க் கால் போட்டால் மத்தியானம் ஆகிவிடும், அதனால் கூடுதல் கட்டணத்தில் உடனே இணைப்புத் தருகிற கால். மேனேஜர் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். இன்ஜினியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அவர் சொன்னது இதுதான். அடிபட்ட பேக் எந்த டிரைவுக்குள் போனாலும் அந்த டிரைவின் ஹெட்டைக் கெடுக்கும். கெட்ட ஹெட் உள்ள டிரைவில் எந்த நல்ல பேக்கைப் போட்டாலும் அதையும் கீறிவிடும். ஒன்றாவதையும் இரண்டாவதையும் தொடாதீர்கள். நான் இன்றைக்கே ரயில் ஏறுகிறேன்.

"மூணாவது டிரைவ்?" என்று மேனேஜர் கேட்டார்.

"அடிபட்ட பேக் அதுல போகலைன்னா, துடைச்சுட்டு உபயோகிக்கலாம். போகலைன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டுலதான் போட்டிருக்கான்."

போனை வைத்ததும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நகலை எடும்மா. மூணாவதுல போடுவோம். ராத்திரிக்குள்ள பாதியாவது அச்சாகிரும்."

அப்போதுதான் அந்த மூடி எனக்குள் பேசியது. பேக்கை டிரைவில் இறக்கியதும், கழற்றிய மூடியை அதே டிரைவின் தலையில் வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. செல்வத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் அதிகம். மூடி மூன்றாவதின் மேல் ஏன் இருக்க வேண்டும்?

"சார், செல்வத்தை ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவன்தான் சொல்லிட்டானே, ரெண்டுன்னு."

"மூடி மூணாவது மேல இருந்துச்சு சார்."

"வச்சிருப்பான். அதுக்கு என்ன இப்ப? அங்க ஒரு மனுஷன் உக்காந்திருக்கார் பாரு. வெளியூர்ல காலேஜ்ல சேர இந்த ரிசல்ட்டுக்காக எத்தனை புள்ளைங்க காத்திருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். என் தங்கையும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

இந்த இடத்தில் நான் யோசித்ததை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். பெரிய தைரியம் எல்லாம் இல்லை. மனசுக்குள் இரண்டு கேள்விகள் ஓடின. காத்திருந்தால் எது போகும்? நாள் போகும், பேர் போகும், எனக்கு வேலைகூடப் போகலாம். செய்து அது தப்பாகிவிட்டால் எது போகும்? எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல பிரதி போகும். முதலாவதெல்லாம் எப்படியாவது திரும்பக் கிடைக்கும். இரண்டாவது கிடைக்காது. நகல் எடுத்ததும் பழைய கார்டுகளை அழித்துவிடுவோம், அதனால் அத்தனை பிள்ளைகளின் மார்க்கையும் முதலிலிருந்து பஞ்ச் செய்ய வேண்டும். அதற்கு ஆடி ஆவணி ஆகிவிடும். அதற்குள் எல்லாக் காலேஜிலும் கதவை மூடிவிடுவார்கள்.

"சார், நான் போய்க் கேட்டுட்டு வாரேன். அவங்க அண்ணன் காளவாசல்ல சைக்கிள் கடை வச்சிருக்கார். அங்கதான் போயிருப்பார்."

"சாவியை வச்சுட்டுப் போ."

"சாவியை வச்சுட்டுப் போனா நான் போறதுல அர்த்தமில்ல சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதுவரை அந்த ஆபீஸில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நான் பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டேன்.

பஸ் வந்தது. திருநகரில் ஏறிய கூட்டம் பசுமலையில் இறங்கவே இல்லை. பழங்காநத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். செல்வம் "ரெண்டுதான்க்கா" என்று சொல்லிவிட்டால், சாவியை எடுத்துக்கொண்டு ஓடியதற்கு எனக்கு வேலை இருக்காது. அதை யாரும் நியாயமில்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

காளவாசல் முக்கில், லாரிகள் திரும்புகிற சத்தத்துக்கு நடுவில், அண்ணனின் கடை. அவர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியும் அவருக்கு.

"வாங்கம்மா. தம்பி உள்ளதான் இருக்கான். வந்ததுல இருந்து வாயவே தொறக்கல. என்னாச்சு?"

"ஒரு விவரம் கேக்கணும்ணே. வேற ஒண்ணுமில்ல."

உள்ளே ஒரு மரப்பெட்டிமேல் செல்வம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

நேராக "மூணாவதுல போட்டீங்களா?" என்று கேட்டால், "இல்ல" என்றுதான் முதலில் வாயில் வரும் என்று எனக்குப் பட்டது. பயந்த ஆள் யாராக இருந்தாலும் அப்படித்தான்.

"செல்வம், உக்காருங்க. நான் திட்ட வரல. சார் அனுப்பியும் வரல. காலையில நீங்க உள்ள போனதுல இருந்து என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். முதல் டிரைவில் வந்த சத்தம், அது ஏதோ கார்டு ரீடர் சத்தம் என்று நினைத்தது, பேக்கை எடுத்து இரண்டாவதில் போட்டது, அதிலும் எர்ரர் வந்தது. அங்கே நிறுத்தினார். தரையைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம்?"

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மூணாவதுலயும் போட்டேன்க்கா. கிர்ருன்னு சத்தம் வந்துச்சு. மூடியக்கூடப் போடாம உடனே எடுத்துட்டேன். ஒடனேதான்."

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். ரெண்டுக்கே அம்புட்டுப் பேச்சு. மூணையும் கெடுத்தேன்னு சொன்னா போலீஸ்ல குடுத்துருவாகளோன்னு... எங்க வீட்ல நான் ஒருத்தன்தான்க்கா இந்த மாதிரி வேலைக்கு வந்தவன். இனிமே எங்காளுக யாரையும் உள்ளயே விடமாட்டாக."

நான் எழுந்தேன். பக்கத்து மருந்துக்கடையில் போன் இருந்தது. ஓடிப் போய் ஆபீஸ் நம்பரைச் சுழற்றினேன். மேனேஜரே எடுத்தார்.

"சார், மூணாவதுலயும் போட்டிருக்கார். சத்தம் வந்து எடுத்திருக்கார். அதுவும் கெட்டுப்போயிருக்கு."

லைன் போய்விட்டதோ என்று, "சார், சார்" என்றேன்.

"பூட்டை உடைச்சாச்சும்மா" என்றார் அவர். குரல் மாறிப்போயிருந்தது. "பக்கத்து லேத்துல இருந்து ஆள் கூட்டிட்டு வந்து உடைச்சேன். நகல் டிரைவ் பக்கத்துல இருக்கு. மூடியைக் கழட்டல. போன் அடிச்சுதுன்னு வந்தேன்."

மருந்துக்கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

"அதைத் திரும்ப பீரோவுல வச்சுருங்க சார்."

"வச்சுர்றேன்" என்றார். பிறகு, "அவனைக் கூட்டிட்டு வா" என்றார்.

செல்வம் வர மறுத்தார். போகச் சொன்ன இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்றார். அண்ணன் டியூபைக் கீழே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "கூப்புட ஒரு ஆளு இங்கன வரைக்கும் வந்திருக்காகள்ல. போடா" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. இருவரும் ஆட்டோவில் கப்பலூர் திரும்பினோம்.

மேனேஜர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. செல்வத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றதும், "போய்ச் சாப்பிட்டு வா. நாளைக்கு இன்ஜினியர் வரும்போது நீதான் கூட நிக்கணும்" என்றார். பிறகு முன் அறைக்குப் போய், பரீட்சை அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். மின்சாரக் கோளாறு என்று சொல்லிவிடலாம், அவருக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லவில்லை. அதிகாரி மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டார். ஆபீஸ் வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் நிற்கிறார்கள், நான் என்ன முகத்தோடு போவேன் என்றார். மேனேஜர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "ஒரே ஒரு நல்ல பிரதி இருக்கு சார். அதைக் காப்பாத்தணும்னா இன்னைக்கு ஓட்டக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்ஜினியர் மறுநாள் காலை ரயிலிலிருந்து நேராக வந்தார். நரைத்த தலை, பேச்சு குறைவு. மூன்றாவது டிரைவைத்தான் முதலில் திறக்கச் சொன்னோம். டார்ச்சைச் செல்வத்தின் கையில் கொடுத்து, "இங்க அடி" என்றார். ஹெட்டின் நுனியில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"இதுல நகல் ஏறியிருந்தா நான் வந்திருக்கவே வேண்டாம். காப்பாத்த ஒண்ணும் மிஞ்சியிருக்காது" என்றார். பிறகு செல்வத்திடம், "வரிசையாச் சொல்லு. எதுல முதல்ல? எவ்வளவு நேரம் சுத்துச்சு? சத்தம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். செல்வம் சொல்லச் சொல்ல, எதை மாற்ற வேண்டும், எதைத் துடைத்தால் போதும் என்று அவர் பிரித்துக்கொண்டே வந்தார். தப்புச் செய்த ஆள் பக்கத்தில் இருந்ததால் ஒருநாள் வேலை மிச்சமாயிற்று என்று மேனேஜரிடம் அவர் பிறகு சொன்னார். மெஷினுக்குக் கோளாறு வந்தால் ஒரு விளக்காவது எரியும், மனிதரிடம் வந்தால் அவராக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு என்றும் சொன்னார். சாதாரணமாக, சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னது அது. எனக்கு மறக்கவில்லை.

ஹெட்டுகளை மாற்றியதும் நகலை உடனே ஏற்றிவிடலாம் என்று எல்லோரும் நின்றோம். இன்ஜினியர் விடவில்லை. எதுவுமே எழுதாத ஒரு பேக்கைப் போட்டு நெடுநேரம் ஓடவிட்டார். அது பிழைத்ததும்தான் நகலைத் தொடவிட்டார். முதல் வேலையாக நகலுக்கு இன்னொரு நகல் எடுக்கச் சொன்னார். ஒன்றே ஒன்று இருக்கும்வரை அதை யாரும் பிரதி என்று நம்பக்கூடாது என்றார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் இரண்டு நகல்கள், இரண்டு கட்டிடங்களில்.

சனிக்கிழமைக்குப் பிறகு ஏற்றிய கார்டுகளைத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பஞ்ச் அறைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ரிசல்ட் சில நாள் தாமதமாக வந்தது. பேப்பரில் எங்களைக் கொஞ்சம் திட்டினார்கள். என் தங்கை பாஸாகி, திருச்சியில் காலேஜில் சேர்ந்தாள். தாமதத்துக்கு நானும் ஒரு காரணம் என்று அவளுக்கு நெடுநாள் தெரியாது.

சம்பவம் இத்தோடு முடியவில்லை. சில வாரம் கழித்து, தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். தூசி எப்படி உள்ளே வந்தது? ஜன்னல் திறந்திருந்தது. அடைத்து வைக்க வேண்டிய ஜன்னலைத் திறந்தது யார்?

கையால் திறந்தவர் செல்வம். அவருடைய பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். வந்தவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், அவருடைய பார்வை ஏற்கெனவே செல்வத்தின் மேல்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் பேசினார்.

"நான் சொல்லித்தான் தொறந்தாங்க. வேண்டாம்னு இந்தம்மா சொன்னாங்க, நான் கேக்கல. கெட்ட பேக்கை மாத்தி மாத்திப் போடக் கூடாதுன்னு ஆபரேட்டருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அதுவும் என் பொறுப்புதான். நகல் பிழைச்சது இவர் உண்மையைச் சொன்னதாலதான்."

செல்வத்தை அவர் 'இவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வந்தவர் எழுதிக்கொண்டு போனார். அந்த வருஷம் மேனேஜருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்வத்தின் வேலை போகவில்லை. பின்னாளில், நான் வேறு ஊருக்கு மாற்றலானபோது, என் இடத்துக்கு அவர்தான் வந்தார். அந்தக் கூடத்தில் அவருடைய ஊர்க்காரர்கள் இன்னும் இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மேனேஜரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இப்போதும் தோன்றுவது ஒன்றுண்டு. செல்வத்தை அவர் விரட்டியபோது, ஓர் ஆளைத்தான் வெளியே அனுப்புகிறோம் என்று நினைத்தார். அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே வாயையும் சேர்த்து அனுப்பியிருந்தார். இது அவருக்குப் பிறகு புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல், தன் முறை வந்தபோது எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தார். பலருக்கு அது புரியாமலேயே பணிக்காலம் முடிந்துவிடுகிறது.

உங்களில் சிலர் சீக்கிரமே நாலு பேருக்கு மேலே உட்காரப் போகிறீர்கள். ஒருநாள் ஒருவர் உங்கள் மேஜை முன்னால் வந்து நின்று, "சார், நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று தொடங்குவார். அப்போது உங்களுக்குக் கோபம் வரும், வரத்தான் செய்யும். எனக்கும் ஒவ்வொரு தடவையும் வந்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை கேளுங்கள். உங்கள் கூடத்தில் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வந்து சேருமா, இல்லை ஏதோ ஒரு கடையின் உள்ளறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்குமா என்பது அந்தச் சில நிமிஷத்தில்தான் முடிவாகிறது.